விண்வெளியில் ஒரு பேரரசு: முதல் தடவை ஆடுறவங்களுக்கு

நாங்கள் நாலு பேர், ஒரு லெப்டொப். எங்களில் ஒருவனின் அக்கா கொழும்பில் வேலை செய்து வாங்கியது. பழசானதும் ஊருக்கு அனுப்பிவிட்டார். பொகவந்தலாவையில் மழை பிடித்துக்கொண்டால் கிரவுண்டில் கிரிக்கெட் கிடையாது. அப்படி ஒரு லீவில்தான் ஸ்டெல்லாரிஸ் ஆட ஆரம்பித்தோம். சுவீடனின் பரடொக்ஸ் நிறுவனம் 2016 மே மாதம் வெளியிட்ட விளையாட்டு அது. 2200ஆம் ஆண்டு, ஒரு கிரகம், நாலைந்து கப்பல். மிச்சத்தை நீங்கள்தான் கட்டணும்.

"எங்கிருந்து தொடங்குறது?" என்று இரண்டு மூன்று தம்பி தங்கச்சிமார் கேட்டதால் இதை எழுதுகிறோம். நாங்கள் ஒன்றும் சூரர்கள் இல்லை. தோற்றதிலிருந்து தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறோம்.

முதலில் லெப்டொப்பைப் பாருங்க. பழைய மெஷின் என்றால் 200 நட்சத்திரம் உள்ள சின்ன அண்டத்தைத் தெரிவு செய்யுங்க. எதிரி நாடுகளையும் குறைங்க. இல்லாவிட்டால் நூறு வருஷம் போனதும் ஒரு மாதம் நகர ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். 2025 மே மாதம் வந்த 4.0 பதிப்பு சனத்தொகைக் கணக்கையே மாற்றிவிட்டது. நாங்கள் ஆடுவது அதற்கு முந்தியது. ஸ்டீமில் பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகலாம். ஓட்டோசேவை அடிக்கடி வைங்க. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு வந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஸ்பேஸ் பட்டனை அமத்தினால் நேரம் நின்றுவிடும். வெட்கப்படாமல் நிறுத்தி நிறுத்தி ஆடுங்க. ஆயத்தமாக இருக்கிற நாடுகளில் 'யுனைட்டட் நேஷன்ஸ் ஒஃப் ஏர்த்' எடுத்தால் அண்டை அயலோடு சண்டை குறைவு. தொடங்கியதும் இரண்டாவது ஆய்வுக் கப்பல் ஒன்று கட்டுங்க. எந்த நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போய் இடம்பிடிப்பது, மண்ணைப் பார்க்காமல் கன்று நடுகிற மாதிரி.

எங்கள் முதல் பேரரசு 2230ஐக்கூடத் தாண்டவில்லை. எதிரி யாரும் வரவில்லை, நாங்களே முடித்துவிட்டோம். கண்ணில் பட்ட நட்சத்திரம் எல்லாம் நமக்குத்தான் என்று அவுட்போஸ்ட் அடித்தோம். ஒன்றுக்கு 100 அலோய், 75 இன்ஃப்ளுயன்ஸ். தூரம் கூடினால் இன்ஃப்ளுயன்ஸ் இன்னும் கூடும். கட்டும்போது ஆகிற செலவு கண்ணுக்குத் தெரியும். மாதாமாதம் நிலையங்களும் கப்பல்களும் தின்கிற எனர்ஜி மேலே சின்ன எழுத்தில் ஓடும், அதை நாங்கள் பார்க்கவில்லை. சிவப்பாக மாறின பிறகு பார்த்தோம். சந்தையில் வாங்கிச் சமாளிக்கலாம் என்றால் ஆரம்பத்தில் 30 வீதம் கட்டணம் போகும். வாங்க வாங்க விலையும் ஏறும். ஆகவே எல்லாவற்றையும் பிடிக்காதீங்க. பாதைகள் ஒடுங்கிற இடத்தை முதலில் பிடிங்க. அட்டன் பக்கமிருந்து நம்ம ஊருக்கு வாற பஸ் எல்லாம் நோர்வூட்டில் நின்றுதான் வரும் இல்லையா, அந்த மாதிரி ஒரு நட்சத்திரம். அதைப் பிடித்தால் அதற்குப் பின்னால் உள்ளதை ஆறுதலாக எடுக்கலாம்.

இரண்டாவது பிழை, ஆள் இல்லாமல் கட்டிடம் கட்டியது. ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும் பராமரிப்புச் செலவு உண்டு. ஆள் கூடி வேலை இல்லாவிட்டால் அது வேறு தலையிடி. எப்போதும் ஒரு இரண்டு வேலை மட்டும் காலியாக இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்க. பிரட்டுக்களத்தில் பேர் போடுகிற கணக்கப்பிள்ளைக்கு இது நல்லா விளங்கும்.

இந்த வகை விளையாட்டுக்கு '4எக்ஸ்' என்று பேர். 1993இல் 'மாஸ்டர் ஒஃப் ஓரியன்' விளையாட்டைப் பற்றி எழுதும்போது அலன் எம்ரிச் வைத்த பேர் அது. தேடு, விரி, எக்ஸ்ப்ளொயிட், அழி. மூன்றாவதை 'பயன்படுத்து' என்றும் சொல்லலாம், 'சுரண்டு' என்றும் சொல்லலாம். எங்களுக்குள் இன்னும் முடிவில்லை.

கெட்டிக்காரர்கள் எல்லோரும் சொல்லுகிற புத்தி ஒன்று உண்டு: ஒரு கிரகத்துக்கு ஒரு வேலை. ஒன்று முழுக்கச் சுரங்கம், ஒன்று முழுக்க அலோய். உண்மைதான், உற்பத்தி ஏறும். ஆனால் நம்ம மலைநாடு முழுக்க ஒரு காலத்தில் கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பக்கம் இலையில் துரு மாதிரி ஒரு நோய் வந்தது. இருபது வருஷத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. நம்ம ஊர் சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் 1879இல் இறந்த ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரரின் கல்லறை இருக்கிறது. அவர் கணவரின் பணமும் கோப்பித் தோட்டங்களில்தான் கிடந்தது. விளையாட்டில் இலை நோய் வராது, படை வரும். அலோய் முழுக்க ஒரே கிரகத்தில் வைத்திருந்த எங்களிடம் அதைப் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகு கப்பல் கட்டவே வழியில்லை. சின்னதாக என்றாலும் இரண்டாவது அலோய்க் கிரகம் ஒன்று வைங்க.

இனி நாங்கள் சண்டை பிடித்த விஷயம்.

மூன்றாவது ஆட்டத்தில் பூமியில் ஆள் நிரம்பி வேலையில்லாமல் இருந்தார்கள். புதுக் கிரகத்தில் வேலை காத்திருந்தது. 'ரீசெட்டில்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. ஆளைத் தெரிவு செய்து அமத்தினால் அடுத்த நொடி அவர் அங்கே இருப்பார். எனர்ஜி கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ஒருவன் டக் டக் என்று பன்னிரண்டு பேரை அனுப்பிக்கொண்டிருந்தான். லயத்து வாசலில் இருந்து அவனுடைய அப்பாயி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா அனுப்புற அதுங்கள?"

"வேலையில்லாத ஆளுங்க அப்பாயி. வேற ஊருக்கு."

"குடும்பத்தோடயா, பிரிச்சா?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. விளையாட்டில் ஆட்களுக்குக் குடும்பமே கிடையாது. ஒரு முகம், ஒரு வேலை, ஒரு சந்தோஷ வீதம்.

அப்பாயிக்கு ஒரு தங்கச்சி. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கமும் பிரித்துக்கொண்டன. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். அப்பாயிக்கு இந்த நாடு, தங்கச்சிக்கு அந்த நாடு. அட்டன் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டார்களாம். ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்கள் அந்த ரயிலை. தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம், பிறகு நீலகிரியில் தேயிலைத் தோட்டம். இங்கே பறித்த அதே கொழுந்து. பிறகு அக்காவும் தங்கச்சியும் நேரில் பார்க்கவேயில்லை.

நாங்கள் கேமை நிறுத்திவிட்டு அன்றைக்கு அந்தக் கதையைத்தான் கேட்டோம். அடுத்த நாள் பொலிசிப் பக்கத்தில் மீள்குடியேற்றத்தைத் தடை செய்துவிட்டோம். பொலிசி ஒன்றை மாற்றினால் பத்து வருஷத்துக்குத் திருப்ப முடியாது. ஒருவன் கடும் கோபம்: "இது படம்தானே மச்சான், படத்துக்கு எதுக்கு அழுறீங்க?" இன்னொருத்தி, "படம்னா அப்ப ஏன் தோத்தா கோவம் வருது உனக்கு?" என்றாள். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

அதில் விலை இருக்கிறது, மறைக்கமாட்டோம். பூமியில் குற்றம் கூடியது, ஸ்திரம் இறங்கியது. புதுக் கிரகத்தில் சுரங்கம் பல வருஷம் பாதி ஆளோடு ஓடியது. சமாளித்த விதம் இதுதான்: ஆள் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே வேலையைக் கட்டினோம், ஒன்று நிரம்பின பிறகு அடுத்தது. குடிபெயர்வைத் திறந்து வைத்தோம். அப்படி வைத்தால் வீடும் வேலையும் உள்ள கிரகத்தில் சனம் வேகமாக வளரும், நெரிசலில் மெதுவாகும். வேகம் குறைவு. சமத்துவம் பேசுகிற நாடு என்றால் உள்ளூர்க் கட்சிக்காரர்களுக்கு இந்தத் தடை பிடிக்கும் என்பது போனஸ். வேகமாக ஜெயிக்கணும் என்றால் பட்டனை அமத்துங்க, தடுக்கமாட்டோம். எங்கள் கோபக்காரன் தன் தனி ஆட்டத்தில் இன்னும் அமத்துகிறான். அப்பாயி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து.

இன்னொன்று. 'ஃபோலன் எம்பயர்' என்று பழம்பெரும் நாடுகள் தூங்கிக்கொண்டிருக்கும். அவர்களில் சிலருக்கு எல்லைக்குப் பக்கத்தில் நீங்கள் குடியேறினாலே கோபம் வரும். பங்களாப் பக்கம் போகாதே என்று சின்ன வயதில் சொன்னது ஞாபகம் இருந்தால் போதும்.

எங்கள் ஆட்டம் இப்போது 2341இல் நிற்கிறது. பெரிய ஆபத்து 2400க்குப் பிறகுதான் வரும், அதற்குள் கப்பல் சேர்க்கணும். பக்கத்து நாட்டுக்காரன் எங்கள் ஒடுங்கின பாதைக்கு அந்தப் பக்கம் படை சேர்க்கிறான். தடை முடிகிற வருஷம் வந்துவிட்டது, திரும்ப வைப்பதா எடுப்பதா என்று வாக்கெடுத்தோம். இரண்டுக்கு இரண்டு. சனிக்கிழமை வரைக்கும் பௌஸில் போட்டு வைத்திருக்கிறோம்.