ஞாயிறு ராத்திரி இருமல்

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. வீட்டுல மர வேலை செய்யுறவங்க, செய்யணும்னு ஆசை இருக்கிறவங்க கடைசி வரை படிச்சிடுங்க.

மர வேலை எனக்கு பொழுதுபோக்கு. ஞாயிறு டியூட்டி இல்லைன்னா நாள் முழுக்க கார் ஷெட்லதான் இருப்பேன். கார் வெளிய வெயில்ல நிக்குது, வீட்டம்மா இன்னும் மன்னிக்கல.

போன வருஷம் ஒரு திக்னஸ் பிளேனர் வாங்கினேன். இருக்கிறதிலேயே விலை கம்மியான ரகம். ஒரு பக்கம் பலகையை விட்டா மறுபக்கம் ஒரே கனத்துல இழைச்சுத் தள்ளிடும். இழைப்புளியை வச்சு அரை நாள் தள்ளுற வேலை பத்து நிமிஷத்துல முடியும். பிரச்சினை என்னன்னா, இழைச்ச சுருளும் தூளும் எங்க போகும்னு இந்த மெஷின் கவலைப்படாது. பின்னாடி வாயைத் திறந்து அப்படியே துப்பும்.

அந்த ஷெட்டுக்கு நேர் மேல இருக்கிறதுதான் அம்மா படுக்கிற அறை.

அம்மாவுக்கு பல வருஷமா வீசிங் உண்டு. இன்ஹேலர்ல கட்டுப்பாட்டுல இருந்தாங்க. சில மாசமா ராத்திரி இருமல் அதிகமாச்சு. "தொண்டையில ஏதோ அரிக்குதுப்பா"ன்னாங்க. பனிக்காலம்னு நினைச்சேன். இன்ஹேலர் டோஸைக் கூட்டினேன். ஆமா, காரணத்தைத் தேடாம டோஸைக் கூட்டினவன் நான்தான்.

கண்ணைத் திறந்து விட்டது என் ஓபிக்கு வந்த ஒரு தச்சர். ஐம்பது வயசு இருக்கும். மூணு மாசமா இருமல், இளைப்பு. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே ரெண்டுலயும் டிபி இல்லை. வழக்கமா கேக்குற கேள்வியைக் கேட்டேன். "லீவு நாள்ல எப்படிண்ணே இருக்கு?"

"ஞாயித்துக்கிழமை நல்லாத்தான் சார் இருக்கு. திங்கள் சாயங்காலம் மறுபடி புடிச்சுக்குது."

வேலை நாள்ல இளைப்பு, லீவுல சுகம்னா வேலை செய்யுற இடத்தைச் சந்தேகப்படணும். படிக்கும்போதே சொல்லிக் கொடுத்த பாடம். அவருக்கு விளக்கிட்டு, "நானும் வீட்டுல இழைப்பு மெஷின் வச்சிருக்கேன்ணே"ன்னு பெருமையா சொன்னேன். மனுஷன் சாதாரணமா கேட்டாரு: "தூசி எங்க சார் போகுது?"

அன்னைக்கு வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். முந்தின மாசம் ரெண்டு ஞாயிறு எனக்கு டியூட்டி. அந்த ரெண்டு வாரமும் அம்மா ராத்திரி எழுந்திருக்கல. தச்சருக்கு ஞாயிறு சுகம். எங்க அம்மாவுக்கு ஞாயிறு ராத்திரிதான் மோசம். ஒரே நோய், காலண்டர் மட்டும் தலைகீழ்.

மரத்தூளை "இயற்கையானதுதானே"ன்னு நினைக்காதீங்க. இங்கிலாந்துல ஹை விக்கம்னு ஒரு ஊர், நாற்காலி செய்யுறதுக்குப் பேர் போனது. 1960கள்ல அங்க காது மூக்கு தொண்டை மருத்துவரா இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட், அரிதான ஒரு வகை மூக்குப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளிங்களுக்கு மட்டும் அதிகமா வர்றதைக் கவனிச்சாங்க. 1968-ல அது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கட்டுரையா வந்துச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல மரத்தூளை முதல் பிரிவுல, அதாவது மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்ல வச்சுச்சு. பயந்துடாதீங்க, அது பல வருஷம் தினமும் தூளுக்குள்ளயே வேலை செய்யுறவங்களுக்கான கணக்கு. வாரம் ஒருநாள் வேலை செய்யுற நமக்கு நடைமுறையில பெரிய தொல்லை ஆஸ்துமாவும் அலர்ஜியும்தான். தேக்கும் ஈட்டியும் சிலருக்கு தோல்லயே அரிப்பைக் கிளப்பும்.

சரி, எப்படி சரி பண்ணேன்?

முதல்ல வீட்டு வேக்யூம் கிளீனரை மாட்டினேன். ஒன்றரை அங்குல ஓஸ். அரை நிமிஷத்துல அடைச்சுக்கிச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க: 12 அங்குல அகலம், 3 அடி நீளப் பலகையில 1 மில்லிமீட்டர் இழைச்சா கால் லிட்டருக்கு மேல மரம் போகுது. அது சுருளா மாறும்போது பல மடங்கு உப்பும். அத்தனையும் ஒரே தடவையில. அடைச்ச சுருள் வெளிய போக வழியில்லாம உள்ள திரும்பி, உருளைக்கு அடியில மாட்டி, பலகை மேலயே பள்ளம் போட்டுச்சு. நல்ல தேக்குப் பலகை மக்களே.

அடுத்து நடுவுல ஒரு பெயிண்ட் பக்கெட்டும் சைக்ளோனும் வச்சேன். காத்து உள்ள சுழலும்போது கனமான துகள் ஓரத்துல மோதி கீழ விழும், லேசானது மட்டும் மேல போகும். நம்ம மூக்கும் தொண்டையும் செய்யுற வேலையும் கிட்டத்தட்ட இதேதான். பெரிய துகள் வளைவுல திரும்ப முடியாம மோதி ஒட்டிக்கும். 2.5 மைக்ரானுக்குக் கீழ இருக்கிறது காத்தோட வளைஞ்சு நுரையீரல் அடி வரைக்கும் போயிடும். சைக்ளோன் நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு. ஆனா ஓஸ் அதே ஒன்றரை அங்குலம். மறுபடி அடைப்பு, உள்ள வெற்றிடம், "டப்"புனு ஒரு சத்தம். பக்கெட் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்துச்சு. வெடி வெடிச்சதுன்னு பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாங்க.

அப்பதான் உறைச்சுது. வேக்யூம் கிளீனருக்கு இழுக்கிற வேகம் ஜாஸ்தி, காத்தோட அளவு கம்மி. இந்த மெஷினுக்கு வேண்டியது நிறைய காத்து, அகலமான குழாய். 4 அங்குலக் குழாயோட வாய், ஒன்றரை அங்குலத்தை விட 7 மடங்கு பெருசு. மூச்சுக்குழல் பாதியா சுருங்கினா காத்துக்கான தடை 16 மடங்கு ஆகும்னு மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுப்பேன். என் ஷெட்டுக்கு அதை நானே பொருத்திப் பார்க்கல.

பழைய மோட்டார் விக்கிற கடையில ஒரு ஹெச்பி ப்ளோயர் ஒண்ணு, துணிப்பையோட கிடைச்சுது. மெஷினோட பின்வாய்க்கு தகர வேலை செய்யுறவர்கிட்ட ஒரு மூடி அடிச்சு வாங்கினேன். ஒரு பக்கம் நீளமான வாய், மறுபக்கம் 4 அங்குல வட்டம். இடுக்குல எல்லாம் ஃபோம் டேப். திருகாணி பிளேடு பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கான்னு பிளக்கைப் பிடுங்கிட்டு, பிளேடைக் குச்சியால ஒரு முழுச் சுத்து சுத்திப் பாருங்க. இது முக்கியம்.

இங்கயும் ஒரு சொதப்பல். முதல்ல பிவிசி பைப்பை நேரா மாட்டிட்டேன். என் மெஷின்ல மேசை அசையாது, பிளேடு இருக்கிற தலைதான் ஏறி இறங்கும். தலையைத் தூக்கினதும் மூடி பிச்சுக்கிட்டு வந்துச்சு. வளையுற ஓஸ்தான் சரி, அதுவும் ரெண்டு மீட்டருக்கு மேல வேண்டாம்.

ஆன் பண்ணேன். தரையில ஒரு சுருள் கூட விழல. ஆனா சாயங்காலம் ஜன்னல் வழியா விழுந்த வெயில்ல பார்த்தா புகை மாதிரி தூள் மிதக்குது. துணிப்பை சுருளைப் பிடிக்குது, நுரையீரலுக்குப் போற நுண்தூளை நெய்தல் வழியா அறைக்குள்ளயே ஊதித் தள்ளுது! கண்ணுக்குச் சுத்தமா தெரியுற ஷெட், மூச்சுக்கு முன்னை விட மோசம்.

நமக்கு ஒரு வசதி. குளிர் நாட்டுக்காரங்க அறைச் சூடு போயிடும்னு காத்தை வெளிய விட யோசிப்பாங்க, நமக்கு அந்தக் கவலை இல்லை. பின்சுவத்துல ஓட்டை போட்டு ப்ளோயரையும் பையையும் வெளிய ஒரு தகரக் கொட்டகைக்குள்ள வச்சேன். எதிர் ஜன்னலைத் திறந்து வச்சாதான் உள்ள புதுக் காத்து வரும். அக்கா துணி காயப்போடுற நேரம் மட்டும் மெஷின் ஓடாது, அது எங்களுக்குள்ள ஒப்பந்தம்.

இத்தனைக்கும் அப்புறமும் என்95 மாஸ்க் போடுறேன். சர்ஜிக்கல் மாஸ்க் ஓரமெல்லாம் திறந்திருக்கும், இதுக்கு உதவாது. காதுக்கு மஃப். விளக்கமாறால காய்ஞ்ச தரையைப் பெருக்குறதில்லை, அடங்கின தூள் எல்லாம் எழுந்திடும். சட்டையை மாத்திட்டுத்தான் மாடி ஏறுறேன். இன்னொண்ணு, தேய்ப்பு மெஷின் திக்னஸரை விட மோசம், அது துப்புறது முழுக்க நுண்தூள்.

அம்மாவுக்கு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கிக் கொடுத்து தினம் ஊதச் சொன்னேன். வேலையெல்லாம் முடியுறதுக்கு முன்ன ஒரு ஞாயிறு ராத்திரி 190. முடிச்சதுக்கு அப்புறம் வந்த மூணு ஞாயிறும் 240க்குக் கீழ போகல. கூட்டின டோஸை மெல்லக் குறைச்சுக்கிட்டு வர்றேன். நீங்களா குறைச்சுடாதீங்க, உங்க மருத்துவர்கிட்ட கேளுங்க.

தச்சர் போன வாரம் ரெவ்யூவுக்கு வந்தாரு. இன்ஹேலர் ஒழுங்கா எடுக்குறாரு, பாதி தேவலை. பட்டறையில ஆறு மெஷின், ஒண்ணுக்கும் உறிஞ்சி கிடையாது. முதலாளிகிட்ட கேட்டதுக்கு, "இத்தனை வருஷம் துண்டைக் கட்டிக்கிட்டுத்தானே செஞ்சோம்"ன்னாராம். வேலையை விடுங்கன்னு எழுதிக் கொடுக்குறது எனக்கு ஒரு வரி. அவருக்கு அது பொண்ணோட காலேஜ் ஃபீஸ். இப்போதைக்கு இழைப்பு மெஷினோட பின்வாயை வாசல் பக்கம் திருப்பி வச்சிருக்காங்களாம். மாஸ்க் நான் கொடுத்து விட்டேன்.

கிளம்பும்போது ப்ளோயர் என்ன விலைன்னு கேட்டாரு. மோட்டார் கடை அட்ரஸை ஓபி சீட்டுக்குப் பின்னாடி எழுதிக் கொடுத்தேன். தகர மூடிக்கு அளவு எடுக்க அடுத்த ஞாயிறு அவர் பட்டறைக்குப் போறேன்.