உரோமம் உதிர் காலம்

ஹோலிப் பண்டிகையின் வண்ணப்பொடி தெருவிலிருந்து கழுவப்பட்டுப் போகும் நாட்களில், டில்லியில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் வளர்க்கும் இல்லங்களில் வேறொன்று பறக்கத் தொடங்குகிறது. மெத்தையிலும், மின்விசிறியின் இறக்கையிலும், அலுவலகத்துக்கு உடுத்தும் கறுப்புக் காற்சட்டையிலும், பூஜை அலமாரியின் மூலையிலும் சாம்பல் நிறப் பஞ்சு. இலவங்காய் வெடித்தாற்போல் என்றால் அன்பர்களுக்கு எளிதில் விளங்கும். சில வாரங்கள் நீடிக்கும் இந்தத் திருவிழா, புரட்டாசி ஐப்பசியில் மறுபடியும் ஒரு முறை வரும்.

நம்மவருள் பலருக்கு இது புது அனுபவம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் ஊர்ப்பக்கம் பெயர் பெற்ற நாய்கள் யாவும் உடலோடு ஒட்டிய குட்டை மயிர் உடையவை. ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே பளபளக்கும். முன்னாளில் அல்சேஷியன் என்று நாம் அழைத்துவந்த இந்த ஜெர்மானிய இனத்தின் உடைமையோ வேறு. குளிர்நாட்டில் ஆட்டு மந்தையோடு வெளியில் திரிந்த இதற்கு இயற்கை இரண்டு சட்டைகளைத் தந்திருக்கிறது. மேலே இருப்பது முரடான நீள்மயிர்; மழையையும் புழுதியையும் வெயிலையும் தடுப்பது. அதற்கு அடியில் இருப்பது கம்பளி போன்ற மென்மயிர். காற்றைத் தன்னுள் அடக்கி வைத்து உடலைக் காப்பது. வீடெங்கும் பறப்பது பெரும்பாலும் இந்த அடிமயிரே.

இந்த உதிர்வுக்கு வெப்பத்தைவிடப் பகலின் நீளமே முதற்காரணம். டிசம்பர்க் கடைசியில் டில்லியின் பகல் ஏறக்குறைய 10¼ மணி நேரம். ஜூன் மாதத்தில் 14 மணி. சென்னையில் இந்த வேறுபாடு ஒன்றரை மணி அளவே. பகல் நீளுவதை நாயின் உடல் உணர்ந்து, குளிர்காலச் சட்டையைக் கழற்றுகிறது. மின்விளக்கின் ஒளியில் வீட்டுக்குள்ளேயே வாழும் நாய்கள் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்ப்பதும் உண்டு.

எங்கள் மணிக்கு வயது ஏழு. அப்பா காலமானபின், அம்மாவை எங்களோடு நிரந்தரமாக இருக்கச் செய்ய வேண்டும் என்று இரண்டு ஆண்டுகள் மன்றாடி, சென்ற பங்குனியில்தான் திருநெல்வேலியிலிருந்து அழைத்து வந்தோம். வந்த பத்தாம் நாள் தயிர்ச்சாதத்தில் ஒரு மயிர் அகப்பட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவினார். மறுநாளும் அவ்வாறே. அதன்பின் நான்கு நாட்கள் வாழைப்பழமும் பாலும்தான் அவருக்கு உணவு. ஐந்தாம் நாள் காலையில் சொன்னார்: "ஒண்ணு, இதுக்கு மொட்டையைப் போடுங்க; இல்லேன்னா எனக்கு டிக்கெட்டைப் போடுங்க."

கோபத்தோடு சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆகையால் எங்களுக்குக் கலக்கம் மிகுந்தது. மணியை வேறு யாருக்கேனும் கொடுத்துவிடுவது என்ற எண்ணத்தை எடுப்பதும் முடியவில்லை, விடுவதும் முடியவில்லை. தெருமுனையில் நாய்களுக்கு முடி திருத்தும் கடைக்காரரோ, கோடைக்கு முழுவதும் மழித்துவிடுவதே நல்லதென்று சொல்லி, அன்றைக்கே நேரம் ஒதுக்கித் தரவும் ஆயத்தமாக இருந்தார்.

மழிப்பதில்லை என்று முடிவு செய்தோம். வெயில் என்றால் நமக்குப் பழனியும் திருச்செந்தூரும் நினைவுக்கு வருவது இயல்பு. மொட்டைத் தலையில் வேர்வை காயும்போது குளிர்ச்சி உண்டாகிறது. நாய்க்கு அந்த வழி இல்லை. அதன் வேர்வைச் சுரப்பிகள் பாதங்களின் அடியில் உள்ளவையே பெரும்பாலும். உடற்சூட்டை அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. மேல்மயிரை நீக்கினால் 45 டிகிரி வெயில் நேரே தோலில் விழும். மழித்த மயிர் ஒழுங்காக வளரும் என்பதற்கும் உறுதி இல்லை. அடிமயிர் முந்திக்கொண்டு திட்டுத்திட்டாக முளைப்பதும், பல மாதங்கள் வளராமலே நிற்பதும் உண்டு. சடைபிடித்து அவிழ்க்கவே இயலாத நிலையிலும், அறுவைக்காக மருத்துவர் சொன்னாலும் மழிக்கலாம். மற்றபடி, இறந்துபோன அடிமயிரை வாரி எடுத்தாலே மேல்மயிரின் இடையே காற்றுப் புகும். நாய்க்குக் குளிர்ச்சி, தயிருக்கும் பாதுகாப்பு.

வாரும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். முதுகின்மேல் தூரிகையை நாலு முறை இழுத்துவிட்டு வாரியாயிற்று என்று நினைப்பவர்கள் அநேகர். மேலே வழவழப்பாக இருக்கும். அடியில் கம்பளி அப்படியே கிடக்கும். காலின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கிச் செல்ல வேண்டும். இடது கையால் மயிரை மேலே ஒதுக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு எடுத்து, அந்த வகிட்டுக்குக் கீழே உள்ளதை மட்டும் வார வேண்டும். பிறகு ஓர் அங்குலம் மேலே அடுத்த வகிடு. இதற்கு இரண்டு கருவிகள் போதும்: வளைந்த மெல்லிய கம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் தூரிகை ஒன்று, சிறு சருகுவாரியைப் போன்ற பற்கள் உள்ள அடிமயிர் வாரி ஒன்று. கூரிய தகடு பொருத்திய கருவிகளும் விற்கின்றன. அழுத்தி இழுத்தால் மேல்மயிரை அறுத்து, தோலையும் கீறிவிடும். காதின் பின்புறம், கழுத்தின் அடர்ந்த பகுதி, பின்தொடையின் குஞ்சம், வாலின் அடி ஆகிய நான்கிலும்தான் சிக்கு விழும்.

அந்தச் சிக்கோடு மொட்டைமாடியில் நாங்கள் போராடுவதைச் சில நாட்கள் தள்ளி நின்று பார்த்த அம்மா, "நுனியிலேர்ந்து எடுங்க. வேர்லேர்ந்து இழுத்தா வலிக்காதா அதுக்கு?" என்றார். மூன்று பெண்களுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டவர் அல்லவா! அவர் சொன்னபடி செய்ததில் மணி முனகுவதை நிறுத்தியது. பழைய பேன்சீப்பு ஒன்றையும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்; காதின் பின்புறத்துக்கு அது மிகப் பொருத்தம். உதிர் காலத்தில் நாள்தோறும் 20 நிமிஷம், மற்ற நாட்களில் வாரம் இரு முறை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

குளிப்பாட்டுவது எப்போதும் வாரிய பின்னரே. சிக்கோடு நனைத்தால் அது இறுகிச் சடையாகிவிடும். நாயின் தோலில் நம் தோலைவிட அமிலத்தன்மை குறைவு. ஆதலால் நாம் தேய்க்கும் ஷாம்பு அதற்கு ஆகாது. மே மாதத்தில் மாடிக்காற்றே உலர்த்திவிடும். ஆவணியில் அவ்வாறன்று, அடிமயிரில் ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும். துண்டால் ஒற்றி எடுத்து, சூடில்லாத காற்றை விசிறியால் நெடுநேரம் செலுத்த வேண்டும். அந்தப் பருவத்தில் உண்ணிகளும் பெருகும். வகிடு எடுக்கும்போதே காதுமடல், அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றைப் பார்த்துவிடுகிறோம். உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே வாங்கக் கூடியது. திட்டாக வழுக்கை விழுந்தாலோ, தோல் சிவந்து நமைத்தாலோ அது பருவ உதிர்வன்று. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாரிய பஞ்சு முதல் வாரத்தில் இரண்டு பெரிய பைகள் நிறைந்தது. பறவைகள் கூடு கட்ட எடுத்துக்கொள்ளட்டும் என்று மாடியில் தூவுவோர் உண்டு. உண்ணி மருந்து பூசிய நாயின் மயிரில் மருந்தும் தங்கியிருக்கும். குஞ்சுகளுக்கு அது தீங்கு. ஆதலால் எங்கள் பைகள் குப்பைக்கே போகின்றன.

மணி இப்போது சமையலறை வாசற்படியைத் தாண்டுவதில்லை. அம்மா டிக்கெட் பேச்சை எடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. தயிரை மட்டும் இன்னும் ஜன்னலருகே கொண்டுபோய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாதத்தில் ஊற்றிக்கொள்கிறார்.