அப்பாவின் ஜனதா வாட்ச்



என்னிடம் படித்த ஒருவன் (அவன் மகளே இப்போது பத்தாம் வகுப்பு!) போன வாரம் கேட்டான்: "சார், பழைய எச்.எம்.டி. ஜனதாவை சர்வீஸ் பண்ணி ஆன்லைன்ல விக்கறாங்க. புதுசு மாதிரி இருக்கு, வாங்கலாமா?"

புதுசு மாதிரி இருந்தால்தான் யோசிக்கணும் கண்ணா. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டோடு பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் தொழிலை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. இன்று ரிப்பேருக்குப் பார்ட்ஸ் வேண்டுமென்றால், பெரும்பாலும் செத்த வாட்சிலிருந்துதான் எடுக்கணும். அதனால் பல வாட்சில் மெஷின் ஒன்றுடையது, கேஸ் இன்னொன்றுடையது, டயல் புதுப் பெயிண்ட்.

என் அப்பாவின் ஜனதாவும் நின்றுபோயிருந்தது. ஹார்பர் வேலைக்குக் கட்டிக்கொண்டு போன வாட்ச். வண்ணாரப்பேட்டையில், ஒரு மேஜையும் கண்ணாடிப் பெட்டியுமே கடையாக வைத்திருக்கும் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தவர், "எண்ணெய் காய்ஞ்சு பேலன்ஸ் ஸ்டாஃப் முனை தேய்ஞ்சிருக்கு சார்" என்றார். அந்த முனை தலைமுடி கனம்தான். மணிக்கு 18,000 முறை ஆடும் சக்கரத்தை அதுதான் தாங்குகிறது. ஸ்டாஃப் தனியாகக் கிடைக்கவில்லை. இன்னொரு ஜனதாவிலிருந்து பேலன்ஸ் வீலை ஹேர் ஸ்பிரிங்கோடு அப்படியே எடுத்துப் போட்டார். மெயின் ஸ்பிரிங்கும் மாற்றினார். சாவித் தண்டு மட்டும் புதுசு. நீளமாகத்தான் வருமாம், கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் ராவி, போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒரு இழை கூடுதலாகத் தேய்த்தால் தண்டு வீண். அவசரப்படாத கை!

பிறகுதான் வீட்டில் வாக்குவாதம். தம்பிக்கு டயல், மூடி எல்லாம் மாற்றிப் பளபளவென்று வேண்டும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே ஓடுவது தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்பா ஷிப்டுக்கு நேரம் பார்த்த முகத்தை எதற்கு மாற்றுவது? தம்பி முறைத்துக்கொண்டான்.

பெரியவர் பின்மூடியைக் கழற்றி உள்பக்கம் காட்டினார். பழைய ரிப்பேர்க்காரர்கள் ஊசியால் கீறிய தேதிகள்: 12-3-78, 9-6-85. இரண்டாவது, தம்பி பத்தாம் வகுப்பு பாஸான சமயம். அவனுக்கு வாட்ச் கொடுப்பதற்காக அப்பா சர்வீஸ் பண்ணியிருக்கிறார். தம்பி லென்ஸை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். "மூடி இருக்கட்டும்ணா" என்றான்.

டயலும் இருக்கிறது, மஞ்சளாக.

வாங்குவதாக இருந்தால் பின்மூடி திறந்த போட்டோ கேள், கண்ணா. எங்கள் வாட்ச் இந்த மாதம் தம்பி கையில். நாளைக்கு இரண்டு நிமிஷம் முந்துகிறதாம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பெரியவரிடம் போகிறோம்.