ஊறுகாய் ஜாடியும் கரண்டியும்

பால் கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய காலம் போய்விட்டது. நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் 2011 செப்டம்பரில், மிக்ஸி, கிரைண்டரோடு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் என் நாத்தனாருக்குக் கிடைத்த லேப்டாப், அவள் கல்யாணமாகிப் போனபின் தேர்வாய் கண்டிகையில் என் வசம் இருக்கிறது.

என் பிள்ளைக்கு எந்தத் தேதியில் எந்தத் தடுப்பூசி போட்டோம், எந்த மருந்துக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தது என்று அதில் தமிழில் குறித்து வைத்திருக்கிறேன். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர் இல்லாத இரவில் குழந்தைக்கு உடம்பு சுட்டால், டாக்டரிடம் சொல்ல அதுதானே துணை!

கொழுந்தன் ஏதோ புது புரோகிராமைப் போட்டுவிட்டுப் போன மறுநாள் அதைத் திறந்தால், தமிழையே காணோம்! கோடும் கட்டமுமாக ஒரே கிறுக்கல். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஐயோ, வைரஸ் பூந்துடுச்சும்மா, அழிச்சுடு!" என்றார். நல்லவேளை, நான் அழிக்கவில்லை.

விஷயம் இதுதான். ஜாடியில் ஊறுகாய் அப்படியேதான் இருக்கிறது; எடுக்கிற கரண்டிதான் மாறிவிட்டது. இந்த வகைக் குறிப்பை இந்தப் புரோகிராமில் திற என்று கம்ப்யூட்டர் ஒன்றை நினைவில் வைத்திருக்கும். அந்த இடத்துக்குத் தமிழ் எழுத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாத வேறொன்று வந்துவிட்டால் இந்தக் கூத்துதான்.

பழையபடி மாற்றுவது சுலபம். குறிப்பின் பெயர்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். 'ஓப்பன் வித்', பிறகு 'சூஸ் அனதர் ஆப்' என்று போய், 'நோட்பேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஆல்வேஸ்' என்று இருப்பதையும் மறக்காமல் தேர்ந்தெடுங்கள்; இல்லாவிட்டால் அந்த ஒரு தடவைக்குத்தான். நான் அப்படிச் செய்ததும் தமிழ் எழுத்துக்கள் பளிச்சென்று வந்துவிட்டன.

ஒரே ஒரு எச்சரிக்கை, சகோதரிகளே. கிறுக்கலாகத் தெரியும்போது எதையும் திருத்தி 'சேவ்' கொடுத்துவிடாதீர்கள். அது ஊறுகாயில் ஈரக் கரண்டியைப் போட்ட மாதிரி. உள்ளே இருப்பதும் கெட்டுப்போகலாம். பேசாமல் மூடிவிடுங்கள்.

என்னதான் கம்ப்யூட்டர் இருந்தாலும், குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைத் தடுப்பூசி அட்டையிலும் எழுதி வையுங்கள். கரண்ட் போன ராத்திரியிலும் அதைப் படிக்கலாம்!