கிளாஸில் முக்கால் பங்கு

வீட்டில் பார் வைப்பவர்கள் ஜின் பாட்டிலுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. டானிக் வாங்கும்போதுதான் கை இறுகிவிடுகிறது. 60 மி.லி. ஜின்னுக்கு 180 மி.லி. டானிக் என்றால் நாக்கில் படுவதில் முக்கால் பங்கு டானிக்தான். அந்த முக்கால் பங்கைச் 'சும்மா சோடா ஊற்றுகிற வேலை' என்று பேசுவதில்தான் பார்டெண்டர்களான எங்கள் தொழிலுக்கான அவமதிப்பு தொடங்குகிறது. டானிக் வேறு, சோடா வேறு. 1858இல் லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் காப்புரிமை பெற்ற டானிக்கின் உயிர் குயினைன் கசப்பு. அதை எடுக்கும் சின்கோனா மரத்தை 1860களில் நம் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டார்கள், காய்ச்சல் மருந்துக்காக. அந்தக் கசப்பு மங்கினால் ஜின்னின் ஜூனிபர் வாசனை வெறும் இனிப்பில் அமுங்கிப்போகும்.

கசப்பைவிடப் பிடிவாதமானது கேஸ். 20 டிகிரியில் தண்ணீரில் கரைவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு கரியமில வாயு 0 டிகிரியில் கரையும். அலமாரியில் இருந்த டானிக்கை ஐஸ் மேல் ஊற்றினால் நுரை பொங்கும். நுரையோடு கேஸும் போய்விடும். ஐஸ் குளிரவைக்காதா என்பார்கள். வைக்கும், ஆனால் தான் உருகி, பானத்தை நீர்த்துப்போகச் செய்துவிட்டு. பெரிய பாட்டில் மலிவு என்பது அடுத்த வாதம். ஒரு கிளாஸ் ஊற்றியதும் பாட்டிலில் காலியாகும் இடத்தை நிரப்ப, மூடியை எவ்வளவு திருகினாலும், கேஸ் பானத்திலிருந்தே வெளியேறும். கடைசி கிளாஸுக்கு மிஞ்சுவது கசப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். அதைக் கொட்டுவதையும் கணக்கில் சேர்த்தால் மலிவு எங்கே? கிளாஸுக்கு ஒன்றாக, 200 மி.லி. பாட்டில்களை முந்தைய நாளே ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் சிக்கனம். கிளாஸைச் சாய்த்து, ஓரமாக ஊற்றி, நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே முறை ஐஸைத் தூக்கிவிட வேண்டும். குமிழிகள் நூல் பிடித்தாற்போல் மேலேறும். இரண்டாம் முறை கலக்கினால் அந்த நூல் அறுந்துவிடும்.

மற்றவை சுலபம்: சோடா, ஜிஞ்சர் ஏல், சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கலந்த சிரப், அன்றன்று பிழிய எலுமிச்சை. திறந்த வெர்மூத் ஃப்ரிட்ஜுக்குள். இவ்வளவு சுலபமானதற்கும் இன்று பார்களில் குறுக்குவழி தேடுகிறார்கள். பாட்டிலில் அடைத்த எலுமிச்சைச் சாற்றை ஊற்றிவிட்டு, மேலே பூவும் புகையும் வைக்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்பதில்லையே என்பது அவர்கள் சொல்லும் நியாயம். சரியானதை ருசித்திராதவர் எப்படிக் கேட்பார்? அதனால்தான் வீட்டு பார் ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறேன். வீட்டில் கேஸ் இறங்காத டானிக்கைக் குடித்துப் பழகியவர், வெளியே சப்பென்ற கிளாஸ் வந்தால் திருப்பி அனுப்புவார். அப்படித் திருப்பி அனுப்புகிறவர்கள் குறைந்ததால்தான் எங்கள் கவுண்டர்களில் தரம் இறங்கியது.