அடுத்த நாள் வந்த புகை

கனவை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியதுமே அது மாறிப்போகிறது. விட்டுப்போனதை இட்டு நிரப்பி, முன்பின் பொருந்தாததைப் பொருத்தி, நாமே அதைக் கதையாக்கிவிடுகிறோம். அப்படியானால் நோயாளி சொல்லும் கனவை நம்பி என்ன வைத்தியம் செய்வது? இந்தக் கேள்வி உளப்பகுப்பாய்வு மருத்துவரான சிக்மண்ட் ஃப்ராய்டுக்கும் எழுந்தது. பிசகிச் சொல்வதும் கனவைச் சேர்ந்ததே என்றார் அவர். அவர் எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்த எண்ணம் இது.

வியன்னாவில் அவரிடம் வந்தவர்கள் சாய்விருக்கையில் படுத்தபடி பேசுவார்கள்; அவர் தலைமாட்டில், அவர்கள் கண்ணில் படாமல் உட்கார்ந்திருப்பார். கனவு பிடிபடாவிட்டால் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார். இரண்டாம் தடவை அதே சொற்கள் வருவது அரிது. மாறிய இடத்தைத்தான் அவர் பிடித்துக்கொள்வார். விழித்ததும் கனவை எழுதி வைக்கும்படி நோயாளிகளுக்குச் சொல்வது வீண் என்றுகூட 1911இல் எழுதினார்.

1900இல் அவரிடம் 18 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்கு அவர் வைத்த புனைபெயர் டோரா. குடும்ப நண்பர் ஒருவர் தன்னிடம் முறைகேடாக நடந்ததை வீட்டில் சொல்லியிருந்தாள்; அப்பா நம்பவில்லை. அவளுக்குத் திரும்பத் திரும்ப வந்த கனவு இது: வீடு எரிகிறது. கட்டிலருகே நின்று அப்பா எழுப்புகிறார். அம்மா நகைப்பெட்டியை எடுக்கப் பார்க்கிறாள். உன் பெட்டிக்காக நானும் என் இரண்டு பிள்ளைகளும் எரிய முடியாது என்கிறார் அப்பா. வெளியே ஓடி வந்ததும் விழிப்பு.

கனவின் பொருளைக் கண்டுவிட்டோம் என்று ஃப்ராய்டு நினைத்திருந்தபோது, மறுநாள் அவள் ஒன்றைச் சேர்த்தாள். சொல்ல மறந்துவிட்டாளாம்: ஒவ்வொரு தடவை விழித்தபோதும் புகை வாசனை வந்தது. மறந்து பின்னால் வந்து சேர்வதே முக்கியம் என்பது ஃப்ராய்டின் அனுபவம். அவளுடைய அப்பா, அந்த நண்பர், ஃப்ராய்டு மூவருமே புகைப்பதில் பெருவிருப்பம் கொண்டவர்கள்.

புகையைக் கவனித்த ஃப்ராய்டு, அந்த நண்பர் மீது அவளுக்குக் காதல் என்ற தன் விளக்கத்தை மட்டும் விடவில்லை. விழிப்பில் நம்பாத அப்பா கனவில் காப்பாற்ற வருகிறாரே, அந்த ஏக்கத்தின் பக்கத்தில் அவர் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். டிசம்பர் 31ஆம் தேதி அவள் சிகிச்சையை விட்டுப் போய்விட்டாள். தன்மீது அவள் ஏற்றிய உணர்வுகளை நேரத்தில் கவனிக்கத் தவறியதாக 1905இல் அவரே அச்சில் ஒப்புக்கொண்டார். அவர் கேட்ட விதம் பெரிது. பொருள் சொல்வதில் காட்டிய அவசரம் பிழை.

உங்களிடம் யாராவது கனவைச் சொன்னால் உடனே பலன் சொல்லாதீர்கள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மறுநாளும் கேளுங்கள்.