ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

முடக்குவாதம் வந்த வீட்டில் வாரத்தில் ஒரு கிழமை தனியாகத் தெரியும். அது மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் கிழமை. எனக்கு ஞாயிறு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டால் திங்களன்று நாக்கில் ருசியே இருக்காது. காபி வாசனைக்கே குமட்டும். ஆனால் விரல்கள் மடங்கும், வாளியைத் தூக்க முடியும். கையைத் திருப்பிக் கொடுத்த மருந்தே வயிற்றைப் புரட்டும்போது யாரிடம் போய்க் குறை சொல்வது?

டாக்டரிடம்தான் சொல்ல வேண்டும். நம்மில் பலர் அதைச் செய்வதில்லை. தவளக்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் பஸ் பிடித்து, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குப் போகிறோம். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துப் பெண்ணிடம் எல்லாம் சொல்கிறோம்: முடி கொட்டுகிறது, வாயெல்லாம் புண், சோற்றைப் பார்த்தாலே வாந்தி. உள்ளே போனதும் "பரவால்ல டாக்டர்" என்கிறோம். "சொன்னா மாத்திரையை நிறுத்திடுவாங்க, திரும்பவும் கை முடங்கிடும்" என்று ஒருவருக்குப் பயம். இன்னொருவர் யாரிடமும் சொல்லாமல் தானே நிறுத்திவிட்டு, வலி முற்றிய பிறகு வந்து நிற்கிறார். வீட்டிலோ, "மருந்துன்னா அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்கிறார்கள். பெண்களுக்கு இந்த அறிவுரை கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கிறது. எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும்.

பொறுத்துக்கொள்ளத் தேவையில்லாதவை இதில் நிறைய உண்டு. இந்த மருந்து உடலில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிறது. வாய்ப்புண்ணும் குமட்டலும் பெரும்பாலும் அதனால் வருபவை. அதனால்தான் மற்ற நாட்களில் ஃபோலிக் அமில மாத்திரை தருகிறார்கள். இந்த மருந்து, ஃபோலிக் அமிலம் இரண்டையும் 1940-களில் அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1948-இல் இறந்தார். முதலில் புற்றுநோய்க்கென வந்த மருந்து, பிறகு மிகக் குறைந்த அளவில் மூட்டுகளுக்கு வந்தது. மருந்தும் அதன் தொல்லையைத் தணிக்கும் மாத்திரையும் ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் அளவைக் குறைக்கலாம், மாத்திரைக்குப் பதில் தோலடி ஊசியாகத் தரலாம். நாம் வாயைத் திறந்தால்தான் இதெல்லாம் நடக்கும். காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்குவது என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்கவே கூடாது. வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டு, எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. சீட்டில் கிழமையின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். தெருவுக்குத் தெரு மதுக்கடையும் சாராயக்கடையும் இருக்கும் ஊர் நம்முடையது. குடிப்பவர்கள் வெட்கப்படாமல் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குடியும் இந்த மாத்திரையும் சேர்ந்து தாக்குவது ஒரே கல்லீரலைத்தான்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006-இல் சிக்குன்குனியா பரவியபோது மாதக்கணக்கில் மூட்டு வலி தீராமல் டைக்ளோஃபினாக்கைப் பழக்கமாக்கிக்கொண்டவர்கள் உண்டு. அது தரும் வயிற்றெரிச்சலைச் "சூடு" என்று நினைத்து மோர் குடித்தால் இரைப்பைப் புண் வராமல் போகாது. மலம் கறுத்துப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சிறுநீரகமும் ரத்த அழுத்தமும் கெடுவது வெளியே தெரியாது. "பக்க விளைவே கிடையாது" என்று பெயரில்லாத பொடி விற்பவர்களிடம் எனக்கு இன்னும் பயம். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டு வலியைச் சட்டென்று அடக்கும். பிறகு முகம் வீங்கும், சர்க்கரை ஏறும். நெடுநாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

மருந்தால் வந்த தொல்லையை நோயாளியே அரசுக்குத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. அதற்கான படிவம் தமிழிலும் உண்டு. நான் எந்தக் கிழமை எவ்வளவு நேரம் குமட்டியது, எதைச் சாப்பிட முடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். உள்ளே கிடைக்கும் சில நிமிடங்களில் எதுவும் விட்டுப்போகக் கூடாது. அடுத்த முறை ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அதன் கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.